ரெக்கவரின் அன்டிபொடி வேலை செய்யேல்லை எண்டு சொல்ல முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

போன கிழமை ஒரு தங்கச்சி வட்ஸ்அப்பில பிளொட் படம் ஒண்டு அனுப்பினா (புரதங்களை ஜெல்லில சைஸ்படி பிரிச்சு, மெம்பிரேன் எண்ட தாளுக்கு மாத்தி, தேடிற புரதத்தை அதைப் பிடிக்கிற அன்டிபொடியால காட்டிறது தான் பிளொட்). மெம்பிரேன் முழுக்க வெள்ளை, சைஸ் காட்டுற மார்க்கர் மட்டும் நிக்குது. கீழ ஒரு வரி: "அக்கா ரெக்கவரின் அன்டிபொடி செத்திட்டுது, புதுசு ஓடர் பண்ணவா?" நான் கேட்டது ஒண்டே ஒண்டு, பொன்சோ (மெம்பிரேனில இருக்கிற புரதத்தைச் சிவப்பாக் காட்டுற சாயம்) போட்டுப் பாத்தனீரோ? இல்லையாம். அப்ப புரதம் மெம்பிரேனுக்கு வந்ததோ இல்லையோ எண்டே தெரியாது, அதுக்குள்ள அன்டிபொடிக்குச் செத்த வீடு நடத்தியாச்சு. உந்தச் சின்னக் குப்பிக்குள்ள 100 மைக்ரோலீட்டர் கூட இராது, டொலர்ல காசு கட்டி, பேப்பர் வேலை முடிச்சு, கட்டுநாயக்காவில கஸ்டம்ஸால எடுத்து கொழும்புக்குள்ள கொண்டந்து சேர்க்க ரெண்டு மூண்டு மாதம் போயிடும், அதால இஞ்ச இருக்கிற எங்களுக்கு "புதுசு வாங்குவம்" எண்டிறது கடைசி வழியா மட்டும் தான் இருக்கோணும். நான் பாத்த வரைக்கும் பத்துக்கு எட்டுத் தரம் பிழை குப்பிக்குள்ள இல்லை. ரெக்கவரின் எண்ட புரதத்தின்ர குணம் தெரியாம நாங்கள் செய்யிற வேலையில தான் பிழை.

ஏ.எல்.ல பிறபொருளெதிரி எண்டு படிச்சது தான், லாப்ல ஆரும் அப்பிடிச் சொல்லிறேல்லை, நானும் அன்டிபொடி எண்டே எழுதுறன்.

முதல்ல ரெக்கவரின் எண்டால் ஆர் எண்டு சுருக்கமாச் சொல்லிட்டு வாறன். விழித்திரையில ஒளிவாங்கிக் கலங்களில, அதாவது கோல்லயும் கூம்பிலயும், கல்சியத்தை உணருற புரதம் இது. மாட்டு விழித்திரையில இருந்து 1991ல இனங்கண்டது. 23 கிலோடால்டன் அளவு (புரதத்தின்ர எடை அளவு, கீழ பாண்டுக்கு வெறும் 23, 25, 50 எண்டு சொல்லிறது இதைத் தான்), அமினோ அமிலம் 200 சொச்சம். கல்சியம் பிடிக்கிற ஈஎஃப் ஹாண்ட் எண்ட அமைப்பு நாலு இருக்கு, ஆனா உண்மையில கல்சியம் பிடிக்கிறது ரெண்டு தான். நுனியில ஒரு கொழுப்பமில வால், மிரிஸ்டொயில் எண்டிறது. கல்சியம் இல்லாத நேரம் அந்த வாலைப் புரதம் தன்ர மடிக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கும், கல்சியம் பிடிச்ச உடன வால் வெளிய வந்து மென்சவ்வில போய்க் கொழுவிக்கொள்ளும். இருட்டில கலத்துக்குள்ள கல்சியம் கூட, அப்ப இது ரொடொப்சின் கைனேஸ் எண்ட நொதியைப் பிடிச்சு அடக்கி வைச்சிருக்கும், வெளிச்சம் பட்டுக் கல்சியம் இறங்கினால் கைனேஸை விட்டிடும். இவ்வளவு தான் கதை. ஆனா இதில மூண்டு விஷயத்தை மனசில வைச்சிருங்கோ, ஆள் சின்னன், கல்சியத்தைப் பாத்து இடம் மாறுவார், இவரைப் போலவே உருவமுள்ள சொந்தக்காரர் கனபேர். கீழ வாற பிழை முக்காவாசியும் இந்த மூண்டுக்குள்ள தான்.

"ஒரு பாண்டும் வரேல்லை"

பிளொட் வெறுமையா, பாண்ட் எண்ட கோடு ஒண்டும் இல்லாம இருந்தால் பின்னுக்கு இருந்து முன்னுக்கு வாங்கோ. ரெக்கவரினைப் பிடிக்கிற அன்டிபொடி பிரைமரி, அந்தப் பிரைமரியைப் பிடிக்கிற, எச்ஆர்பி எண்ட நொதி கொழுவின அன்டிபொடி செகண்டரி, அந்த நொதி பட்டால் மினுங்கிற திரவம் சப்ஸ்ட்ரேட். கடைசிப் படி முதல்ல. சப்ஸ்ட்ரேட்டை ஒரு சொட்டு எடுத்து, அதுக்குள்ள செகண்டரியை ஒரு துளி விடுங்கோ, லைட்டை நூத்துப்போட்டுப் பாருங்கோ. எச்ஆர்பி உயிரோட இருந்தால் நீலமா மினுங்கும். மினுங்காட்டி பிழை அங்க, பிரைமரியை நோண்ட வேண்டாம். இதில ஆக்கள் விழுற குழி சோடியம் அசைட். பழுதாகாம இருக்க எண்டு பஃபருக்குள்ள அசைட் போட்டு வைச்சிருப்பினம், அந்தப் பஃபரிலயே செகண்டரியையும் கலந்திடுவினம், அசைட் எச்ஆர்பியைக் கொண்டுபோடும். பிரைமரிக் குப்பிக்குள்ள அசைட் இருந்தால் பரவாயில்லை, கழுவிறதில போயிடும். செகண்டரியோட மட்டும் சேர்க்காதேங்கோ.

அடுத்தது செகண்டரி பொருத்தமோ எண்டு பாருங்கோ. முயல்ல செய்த பிரைமரிக்கு அன்டி-மவுஸ் ஊத்திப்போட்டு ஒரு கிழமை அழுத தம்பி ஒராள் எங்கட லாப்ல இருந்தவர், இப்ப நல்லா இருக்கிறார், பேர் சொல்லேல்லை.

அதுக்கு முன்னுக்கு டிரான்ஸ்ஃபர், அதாவது ஜெல்லில இருந்து மெம்பிரேனுக்குப் புரதத்தை மாத்திறது. பிழை இதில தான் கனக்க. 23 கிலோடால்டன் எண்டிறது சின்ன உருப்படி, பெரிய புரதத்துக்கு எண்டு ஆரோ எழுதி வைச்ச புரோட்டகோலை அப்பிடியே பாத்து ராத்திரி முழுக்க ஓடவிட்டால் ஆள் மெம்பிரேனுக்குள்ளால பூந்து அங்கால போயிடுவார். துளை 0.45 மைக்ரோமீட்டர் இருக்கிற மெம்பிரேனை விட்டுப்போட்டு 0.2 எடுங்கோ, பஃபரில மெதனோல் 20 சதவீதம் இருக்கட்டும், ஈர டிரான்ஸ்ஃபர் எண்டால் 100 வோல்ட்ல ஒரு மணித்தியாலம் தாராளம். சந்தேகம் எண்டால் மெம்பிரேனுக்குப் பின்னால இன்னொரு மெம்பிரேன் வையுங்கோ. நான் ஒருக்கா அப்பிடி வைச்சனான், முன்னுக்கு இருந்ததில மங்கலா ஒரு கோடு, பின்னுக்கு இருந்ததில கரிக்கட்டை மாதிரிப் பாண்ட். ஜெல் 12 இல்லாட்டி 15 சதவீதம், அதுக்குக் குறைவெண்டால் இந்தச் சைஸ் ஆள் டையோட சேர்ந்து கீழால ஓடிடுவார்.

இனி சாம்பிள். இஞ்ச தான் கல்சியம் விளையாடும். விழித்திரையை அரைச்சு சென்ட்ரிஃபியூஜில சுத்தினால் ரெண்டு பங்கு வரும், மேல தெளிஞ்ச தண்ணி, கீழ மென்சவ்வுக் கட்டி. பஃபரில ஈடிடிஏ இல்லாட்டி ஈஜிடிஏ (கல்சியத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிற சாமான்கள்) இருந்தால் ரெக்கவரின் வாலை மடிச்சுக்கொண்டு தண்ணிக்குள்ள நிக்கும். கல்சியம் இருந்தால் கணிசமான பங்கு கட்டியோட போயிடும். "மென்சவ்வில தானே இருக்கு எண்டு புத்தகத்தில கிடந்தது" எண்டு ஒராள் ஈடிடிஏ பஃபரில அரைச்சுப்போட்டு, மேல் தண்ணியை வோஷ் பேசினுக்குள்ள ஊத்திட்டு, கட்டியை மட்டும் ஜெல்லில ஏத்தினவர். ரெக்கவரின் எல்லாம் கொழும்பு மாநகரசபையின்ர கானுக்குள்ள. சரியா வரும் வரைக்கும் ரெண்டு பங்கையும் பக்கத்துப் பக்கத்து லேன்ல ஓட்டுங்கோ, எதையும் எறியாதேங்கோ, இல்லாட்டி சுத்தாம முழு விழித்திரையையும் நேர எஸ்டிஎஸ் பஃபரில (புரதத்தை விரிச்சுக் கரைக்கிறது) கரைச்சு ஏத்துங்கோ, முதல் தரத்துக்கு அது தான் நல்லம்.

கண் எங்க இருந்து வந்தது எண்டதும் முக்கியம். ஆட்டுக் கண் எடுக்கிற ஆக்கள் கடை நானாவோட முதல் நாளே கதைச்சு வையுங்கோ. காலமை வெட்டின தலையை ஐஸ் இல்லாம பத்து மணி மட்டும் கொக்கியில தூக்கி வைச்சிருந்தால், அந்த வெக்கைக்கு விழித்திரை கூழாகிடும், பிறகு 23க்குக் கீழ துண்டு துண்டா பாண்ட் வரும் இல்லாட்டி ஒண்டும் வராது. ரெஜிஃபோம் பெட்டியும் ஐஸும் கொண்டுபோய் நிண்டு வாங்குங்கோ, புரதம் சிதையாம காக்கிற புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் பஃபரைக் கையோட கொண்டு போனால் இன்னும் நல்லம். போயா நாளில இறைச்சிக்கடை பூட்டு எண்டதையும் கலண்டரில பாருங்கோ, வெசாக் கிழமைக்கு எக்ஸ்பெரிமென்ட் போட்டு வைச்சிட்டு முழிச்ச கதை எனக்கும் இருக்கு.

"23 இல நடுவில வெள்ளையா ஓட்டை மாதிரி இருக்கு"

இதைப் பாத்திட்டு அன்டிபொடி வீக் எண்டு நினைச்சு இன்னும் கூட ஊத்துறவை இருக்கினம், அது நெருப்பு எரிய மண்ணெண்ணெய் ஊத்துற வேலை. அந்த இடத்தில அன்டிபொடி கூடிப்போய், எச்ஆர்பி ஒரே இடத்தில குவிஞ்சு, படம் எடுக்க முதலே சப்ஸ்ட்ரேட் எல்லாத்தையும் தின்று முடிச்சிட்டுது, அதால தான் நடுவில வெறுமை, ஓரத்தில மட்டும் வெளிச்சம். சில நேரம் மெம்பிரேனிலயே மண்ணிறமா ஒரு தழும்பு வெறுங்கண்ணுக்குத் தெரியும்.

விழித்திரையில ரெக்கவரின் தாராளமா இருக்கிற சாமான். மூளையில அரிதான புரதம் தேடிற மாதிரி லேனுக்கு 40 மைக்ரோகிராம் ஏத்த வேண்டாம், 5 போதும். பிரைமரியை 1க்கு 500, 1000, 2000, 5000 எண்டு நாலு துண்டு மெம்பிரேனில ஒரே நாளில பாருங்கோ. செகண்டரியையும் குறையுங்கோ, 1க்கு 10,000 மட்டும் போகலாம், சில நேரம் அதுக்கும் அங்கால. மெம்பிரேன் துண்டைப் பொலித்தீனுக்க வைச்சு சீலரால ஒட்டினால் 1 மில்லிலீட்டர் அன்டிபொடி காணும், பெட்டிக்குள்ள 10 மில்லிலீட்டர் ஊத்தி ஆட்ட வேண்டிய தேவையே இல்லை. காத்துக் குமிழ் மட்டும் உள்ளுக்க நிக்காம பாருங்கோ, நிண்டால் அந்த இடத்தில வட்டமா வெள்ளை விழும், அதையும் ஓட்டை எண்டு சொல்லிக்கொண்டு வராதேங்கோ.

"ஒண்டு வர வேண்டிய இடத்தில ரெண்டு வருது"

ரெண்டும் கிட்டக்கிட்ட, 23க்கு மேலயும் கீழயும் எண்டால் முதல்ல கல்சியத்தைச் சந்தேகியுங்கோ. இந்தக் குடும்பத்துப் புரதங்கள், கால்மொடுலின், ஜீகேப் எல்லாம், எஸ்டிஎஸ் ஜெல்லுக்குள்ள கூட கல்சியத்தை முழுசா விட்டுக்குடுக்காது. கல்சியத்தோட இருக்கிறது சுருண்டு கெதியா ஓடும், இல்லாதது கொஞ்சம் பிந்தி நிக்கும், பாதிக்குப் பாதி எண்டால் ரெண்டு கோடு இல்லாட்டி இழுபட்ட ஒரு பாண்ட். சோதிக்கிறது சுகம். ஒரே சாம்பிளை ரெண்டாப் பிரிச்சு ஒண்டுக்கு 1 மில்லிமோலர் கல்சியம் குளோரைட்டும் மற்றதுக்கு 5 மில்லிமோலர் ஈஜிடிஏயும் போட்டு, நடுவில ஒரு லேன் சும்மா விட்டு ஓட்டுங்கோ (சும்மா விடாட்டி கல்சியம் பக்கத்து லேனுக்குப் பரவி அங்கயும் குழப்பும்). பாண்ட் இடம் மாறினால் பிழை இல்லை, அதே ஆள் தான். இனி எல்லா சாம்பிளுக்கும் ஒரே மாதிரி ஈஜிடிஏ போட்டால் ஒரு கோட்டில நிக்கும். உண்மையில இப்பிடி மாறினால் நான் சந்தோசப்படுவன், நீங்கள் பிடிச்சது கல்சியம் பிடிக்கிற புரதம் தான் எண்டதுக்கு அது பக்கத்துணைச் சாட்சி.

25 கிட்டத் தடிச்ச பாண்டும் 50 கிட்ட இன்னொண்டும் சேர்ந்து வந்தால் கதை வேற. பிரைமரி எலியில செய்த மொனோகுளோனல் (ஒரே வகை அன்டிபொடி மட்டும் இருக்கிறது), திசுவும் எலியிட திசு எண்டால், செகண்டரி திசுவுக்குள்ள கிடக்கிற எலியிட சொந்த ஐஜிஜியையும் (ரத்தத்தில இருக்கிற அன்டிபொடி) போய்ப் பிடிக்கும், அதின்ர பாரச் சங்கிலி 50, இலேசுச் சங்கிலி 25. அந்த 25 எங்கட 23க்கு எவ்வளவு கிட்ட எண்டு பாருங்கோ, மங்கின ஜெல்லில ரெண்டையும் பிரிச்சுச் சொல்லேலாது. ஒரு மாதம் முழுக்க எலி ரத்தத்தின்ர ஐஜிஜியை ரெக்கவரின் எண்டு அளந்து கிராஃப் போட்டு சேருக்கும் காட்டின ஆள் இருக்கினம். பிரைமரி இல்லாம செகண்டரியை மட்டும் போட்ட ஒரு லேன் கட்டாயம் வையுங்கோ, அதிலயும் அந்தப் பாண்ட் வந்தால் உங்களுக்கு விடை கிடைச்சிட்டுது. முயல்ல செய்த பிரைமரிக்கு மாறினால் எலித் திசுவில இந்தத் தலையிடி இல்லை.

மூண்டாவது, சொந்தக்காரர். ஜீகேப் 1, ஜீகேப் 2, விசினின் மாதிரியான விலிப் 1, என்சிஎஸ் 1 எல்லாம் 22, 23, 24 எண்டு ஒரே தெருவில குடியிருக்கிற ஆக்கள். அன்டிபொடி ஒராளையும் சேர்த்துப் பிடிச்சால் சைஸைப் பாத்துக் கண்டுபிடிக்க ஏலாது. இதுக்கு விழித்திரையோட மூளைத் துண்டு, ஈரல் ரெண்டையும் பக்கத்தில ஓட்டிப் பாருங்கோ. ஈரலில ஒண்டும் வரப்படாது. பெருமூளைப் புறணியில விலிப், என்சிஎஸ் எல்லாம் நிறைய, ரெக்கவரின் இல்லை எண்டே சொல்லலாம், அங்க 22 கிட்ட பளிச்செண்டு வந்தால் அன்டிபொடி சொந்தக்காரரோட கதைக்குது எண்டு அர்த்தம். நல்ல பொசிட்டிவ் கொன்ட்ரோல் (ரெக்கவரின் கட்டாயம் இருக்கிற சாம்பிள்) வேணுமெண்டால் மூளையில இருக்கிற பைனியல் சுரப்பி, அதிலயும் ரெக்கவரின் இருக்கு, ஆனா எலியில அது அரிசி மணியிலும் சின்னன், மண்டையோட்டோட ஒட்டிக்கொண்டு வந்திடும், தேடி எடுக்கக் கண் வேணும். கலம் வளர்க்கிற வசதி இருந்தால் வை79 எண்ட ரெட்டினோபிளாஸ்டோமா (விழித்திரைப் புற்று) கலம் போதும்.

"மெம்பிரேன் முழுக்கக் கறுப்பு"

ப்ளொக்கிங்குக்கு, அதாவது அன்டிபொடி கண்ட இடத்திலயும் ஒட்டாம மெம்பிரேனை மூடிறதுக்கு, பால்மா பாவிக்கிற ஆக்கள், தேத்தண்ணிக்குப் போடிற முழு ஆடைப் பால்மாவைப் போடாதேங்கோ, கொழுப்பு மிதந்து பொட்டுப் பொட்டா வரும், ஆடை நீக்கினது எண்டு பைக்கற்றில எழுதியிருக்கிறதைத் தேடி வாங்குங்கோ. 5 சதவீதம், அண்டண்டைக்குக் கரைச்சு.

ஆனா இதில ஒரு பொறி இருக்கு, கனபேருக்குத் தெரியாது. பிரைமரி ஆட்டில செய்தது, செகண்டரி அன்டி-கோட் எண்டு வையுங்கோ. ஆடும் மாடும் கிட்டின சொந்தம், அன்டி-கோட் செகண்டரி மாட்டு ஐஜிஜியையும் பிடிக்கும். பால்மாவுக்குள்ள மாட்டு ஐஜிஜி இருக்கு, பிஎஸ்ஏக்குள்ளயும் (மாட்டு ரத்த அல்புமின்) கொஞ்சம் கலந்திருக்கும். அப்ப நீங்கள் ப்ளொக் பண்ணுறன் எண்டு மெம்பிரேன் முழுக்க செகண்டரிக்குச் சாப்பாடு பூசி விட்டிருக்கிறீங்கள். கறுக்காம என்ன செய்யும்? இதுக்கு டொங்கி சீரம் (கழுதையின்ர), இல்லாட்டி மீன் ஜெலற்றின். அதே காரணத்தால தான் ஆட்டுக் கண் பாவிக்கிற லாப்ல ஆட்டுப் பிரைமரி வேண்டாம் எண்டு நான் கத்துறது, திசுவே முழுக்க மினுங்கும்.

இன்னொண்டு, புரோட்டகோலில "அறை வெப்பநிலையில 1 மணித்தியாலம்" எண்டு இருக்கும். எழுதின ஆளின்ர அறை 20 பாகை. எங்கட அறை ஏசி இல்லாட்டி 30, 31 பாகை. பிரிட்ஜில 4 பாகையில ராத்திரி முழுக்க வைக்கிறது எங்களுக்குப் பாதுகாப்பு. கழுவிறதுக்கு டிபிஎஸ்டி எண்ட பஃபர், 10 நிமிசம் மூண்டு தரம், அவசரமா பஸ்ஸுக்குப் போக இருக்கிற நாளில பிளொட் தொடங்காதேங்கோ.

"ஸ்லைடில ஒண்டும் தெரியேல்லை"

பிளொட்டில வேலை செய்யிற அன்டிபொடி செக்‌ஷனில (மெல்லிசா வெட்டி ஸ்லைடில ஒட்டின திசு) பேசாம இருந்தால் அது அதிசயமில்லை. பிளொட்டில புரதம் விரிஞ்சு கிடக்கும், செக்‌ஷனில மடிஞ்சு, ஃபிக்ஸ் ஆகி (மருந்தால இறுகி), அன்டிபொடி தேடிற இடம் மூடிக் கிடக்கும். 4 சதவீதம் பாராஃபோர்மல்டிஹைட்டில கண்ணை வெள்ளிக்கிழமை போட்டிட்டுத் திங்கட்கிழமை வந்து எடுத்தால் அது ஊறுகாய். கருவிழிப் பக்கத்தை வெட்டி, லென்ஸை எடுத்து, கிண்ணம் மாதிரி ஆக்கி அரை மணித்தியாலத்தில இருந்து ஒரு மணித்தியாலம் காணும், பிறகு 30 சதவீத சீனிக்கரைசல்ல அடியில தாழும் வரைக்கும். கூட ஃபிக்ஸ் ஆன திசு எண்டால் பிஎச் 6 சிட்ரேற் பஃபரில சூடாக்கி மீட்டுப் பாருங்கோ. மென்சவ்வைத் துளைக்கிற டிரைட்டன் 0.3 சதவீதம் போடாட்டி அன்டிபொடி உள்ளுக்க போகாது.

மறுபக்கமும் இருக்கு, ஃபிக்ஸே பண்ணாம உறைய வைச்சு வெட்டினால் ரெக்கவரின் மாதிரிச் சின்ன, கரையிற புரதம் பஃபரோட கழுவுப்பட்டுப் போயிடும், மிச்சம் இருக்கிறதும் புகை மாதிரி எல்லா இடமும் பரவிக் கிடக்கும்.

செக்‌ஷனை மைக்ரொஸ்கோப்பில வைச்ச உடன முதல்ல டாப்பியைப் (கலக் கருவை நீலமாக் காட்டுற சாயம்) பாருங்கோ, கரு அடுக்கு மூண்டு ஒழுங்கா இருக்கோ எண்டு. விழித்திரையை உரிக்கேக்க ஒளிவாங்கிக் கலத்தின்ர நுனி பின்னால நிறமி அடுக்கோட ஒட்டிக் கழண்டு போயிடும். ரெக்கவரின் இருக்கிற இடமே ஸ்லைடில இல்லாம அன்டிபொடியைக் குறை சொல்லி என்ன?

எங்கட ஊர் ஈரம் வேற. கிரையோஸ்டாட்டால (உறைஞ்ச திசுவை வெட்டுற மெஷின்) வெட்டின ஸ்லைடை 37 பாகையில ஒரு மணித்தியாலம் காய வைச்சு, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில இறுக்கி மூடி ஃப்ரீசரில வைக்கிறம் சரி, வெளிய எடுத்த உடன மூடியைத் திறக்கிறது தான் பிழை. கொழும்பு காத்துப் பட்ட கையோட ஸ்லைடில பனி பூத்து, தண்ணியாகி, செக்‌ஷன் மிதக்கத் தொடங்கிடும், பிறகு முதல் கழுவலிலயே விழித்திரை அப்பளம் மாதிரி மடிஞ்சு கழண்டு போகும். பெட்டியைத் திறக்காம மேசையில அரை மணித்தியாலம் விடுங்கோ, வெளிப்பக்கம் வேர்த்து, அந்த வேர்வை காயும் வரைக்கும். அதுக்குப் பிறகு திறவுங்கோ. இந்த ஒண்டைச் செய்யத் தொடங்கினாப் பிறகு எங்களுக்கு ஸ்லைட் கழண்டதே அரிது.

"மினுங்கக் கூடாத இடத்தில மினுங்குது"

எங்க எண்டு சொல்லுங்கோ முதல்ல. ஒளிவாங்கி அடுக்கு பளிச்செண்டும், உள் கரு அடுக்கில அங்கொண்டு இங்கொண்டா சில கலங்களும் மினுங்கினால் உங்களுக்கு வாழ்த்து, அது பிழையில்லை. ரெக்கவரின் சில வகைக் கூம்புப் பைபோலர் கலங்களிலயும் (கூம்பில இருந்து செய்தி வாங்கி உள்ளுக்கு அனுப்பிறவை) இருக்கு, எலி, சுண்டெலி, குரங்கு எல்லாத்திலயும் பாத்திருக்கினம். அதைப் "பின்னணிச் சத்தம்" எண்டு நினைச்சு டைலூஷனைக் கூட்டிக் கூட்டி அழிச்ச ஆக்கள் உண்டு. அந்தக் கலங்களின்ர வால் ஒரே மட்டத்தில போய் முடியுதோ எண்டு பாருங்கோ, ஒழுங்கா முடிஞ்சால் உண்மை.

ரத்தக் குழாய் கோடு கோடா மினுங்கினால் எலியில எலி எண்ட அந்தப் பழைய ஐஜிஜிப் பிரச்சினை. நிறமி அடுக்கு எந்தக் கலர் ஃபில்டரிலயும் மினுங்கினால் லிப்போஃபியூசின் எண்ட கழிவு நிறமி, அது தானா ஒளிருறது, அன்டிபொடி போடாத ஸ்லைடிலயும் அப்பிடியே இருக்கும். கங்கிலியன் கலம் (கண்ணில இருந்து மூளைக்குச் செய்தி அனுப்பிறவை) எல்லாம் பளிச்செண்டால் மட்டும் எனக்குச் சந்தேகம் வரும், அங்க கல்ரெட்டினின் மாதிரி வேற கல்சியப் புரதங்கள் இருக்கு, அன்டிபொடி ஆரோடயோ பிழையாச் சேருது. அப்ப ரெக்கவரினின்ர வேற பகுதிக்கு எதிராச் செய்த ரெண்டாவது அன்டிபொடி ஒண்டை ஆரிட்டயாவது 5 மைக்ரோலீட்டர் கடன் கேட்டாவது ஒப்பிட்டுப் பாருங்கோ.

"போன மாதம் ஒரு இடத்தில, இந்த மாதம் இன்னொரு இடத்தில"

இது எனக்கு நடந்தது. 2022 மார்ச் கடைசி, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணின காலம். எலி அறையில லைட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, எலிகள் விடிய விடிய இருட்டில தான். நாங்களும் ஃபோன் டோர்ச்சைத் துணியால சுத்தி, அந்த மங்கல் வெளிச்சத்தில கண்ணை எடுத்து ஃபிக்ஸ் பண்ணினம். ஸ்டெயின் பண்ணிப் பாத்தால் நுனியில, அவுட்டர் செக்மென்ட்டில, எண்டைக்கும் இல்லாத மாதிரி ரெக்கவரின் தெரியுது. முந்தின படங்களில அந்த இடம் கிட்டத்தட்ட இருட்டு, சினாப்ஸ் (அடுத்த கலத்துக்குச் செய்தி குடுக்கிற இடம்) அடுக்குப் பக்கம் தான் கூட. நான் அன்டிபொடியின்ர லொட் நம்பரைப் பாத்தன், பஃபரைத் திருப்பிச் செய்தன், ரெண்டு கிழமை தலையைப் பிச்சன்.

கடைசியில பாத்தால் கரண்ட் கட் எங்களுக்குச் சும்மா டார்க் அடப்டேஷன் (கண்ணை இருட்டுக்குப் பழக்கிறது) செய்து தந்திருக்கு. ரெக்கவரின் வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரிக் கோல் கலத்துக்குள்ள இடம் மாறும் எண்டு 2005ல காட்டியிருக்கினம். இருட்டில மொத்தத்தில சுமார் 12 சதவீதம் அவுட்டர் செக்மென்ட்டில இருக்கும், வெளிச்சத்தில வைச்சால் 2 சதவீதத்துக்கும் கீழ போயிடும், சினாப்ஸ் பக்கம் கூடும். பெரும்பங்கு எப்பவும் கலத்தின்ர மற்றப் பகுதியில தான், அதால வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபட ஒரே எக்ஸ்போஷரில எடுத்த படம் வேணும். ஆகவே நோட்புக்கில கண் எடுத்த நேரம், எலி எவ்வளவு நேரம் வெளிச்சத்தில நிண்டது, எந்த பல்ப் எண்டு எழுதி வையுங்கோ. இருட்டில எடுக்கிறதெண்டால் ராத்திரி முழுக்க இருட்டு, பிறகு மங்கின சிவப்பு லைட், ஃபிக்ஸ் முடியும் மட்டும். ஒரு குறூப் காலமை, மற்றக் குறூப் பின்னேரம் எண்டு எடுத்துப்போட்டு நோயால இடம் மாறினது எண்டு எழுதி விடாதேங்கோ.

"கரண்ட் போயிட்டுது, பிரிட்ஜ் சூடு, குப்பி முடிஞ்சுதா?"

அன்டிபொடி ஐஸ்கிரீம் இல்லை. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை கிரிட்டில குரங்கு பாஞ்சு நாடு முழுக்க இருண்ட அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மூண்டு ஃபோன் கோல், எல்லாம் ஒரே கேள்வி. சில மணித்தியாலம் பிரிட்ஜ் 15, 20 பாகைக்குப் போனதால ஐஜிஜி சாகாது, கனக்க அன்டிபொடி வெறும் ஜெல் பக்கோட தான் பிளேனில வருது. கொல்லுறது திருப்பித் திருப்பி உறையிறதும் உருகிறதும். ஃப்ரொஸ்ட் வராத வகை ஃப்ரீசர் தானாவே சூடாகிச் சூடாகிக் குளிரும், அதுக்குள்ள வைக்காதேங்கோ. வந்த அண்டைக்கே குப்பியை சென்ட்ரிஃபியூஜில சுத்தி (மூடியில ஒட்டிக் கிடக்கிறது தான் பாதிக் காசு) 10 மைக்ரோலீட்டர் வீதம் பிரிச்சு மைனஸ் 20ல வையுங்கோ, கிளிசரோல் பாதி கலந்து வந்தது எண்டால் உறையாது, பிரிக்காட்டிலும் பரவாயில்லை.

நோயாளியின்ர சீரத்தையே பிரைமரியாப் பாவிக்கிற ஆக்களுக்கும் ஒரு சொல்லு. நுரையீரல்ல சின்னக் கலப் புற்று வந்தவைக்குச் சில நேரம் கட்டியே ரெக்கவரினைச் செய்யத் தொடங்கி, உடம்பு அதுக்கு எதிரா அன்டிபொடி செய்து, அது விழித்திரையைத் தாக்கிப் பார்வை போகும். 23 இல பாண்ட் எடுத்துத் தேடிறது அதைத் தான். ஆனா சுகமா இருக்கிற ஆக்களின்ர சீரமும் விழித்திரையில கனக்கப் பாண்ட் தரும், அதால சுகமானவை பல பேரின்ர சீரமும், வாங்கின ரெக்கவரின் அன்டிபொடி ஒரு லேனும் இல்லாம முடிவு சொல்லிப்போடாதேங்கோ, அந்தப் பேப்பரைப் பாத்திட்டு ஒரு குடும்பம் பயந்து நிக்கும்.

எல்லாம் பாத்தும் வரேல்லை

அப்ப குப்பியையே சோதிப்பம், ரெண்டு மணித்தியால வேலை. நைட்ரோசெலுலோஸ் மெம்பிரேன் ஒரு விரல் அகலத்தில வெட்டி, பென்சிலால மூண்டு வட்டம் கீறுங்கோ (பேனை மை ஓடும்). கொதிக்க வைக்காத விழித்திரைச் சாறு ஒரு மைக்ரோலீட்டர் முதல் வட்டத்தில, ஈரல் ரெண்டாவதில, மூண்டாவதில பிரைமரியையே 1க்கு 100 கரைச்சு ஒரு சொட்டு. துளியை வைக்கேக்க டிப் மெம்பிரேனைக் குத்தப்படாது, துளி தொட்ட உடன தானா உறிஞ்சும். காய விட்டு, ப்ளொக், பிரைமரி, செகண்டரி, சப்ஸ்ட்ரேட்.

மூண்டாவது கறுக்காட்டி செகண்டரியோ சப்ஸ்ட்ரேட்டோ தான் பிழை, பிரைமரிக்குச் சம்பந்தமில்லை. முதலாவதும் மூண்டாவதும் கறுத்து ஈரல் வெள்ளை எண்டால் குப்பி உயிரோட இருக்கு, உங்கட டிரான்ஸ்ஃபரையும் சாம்பிளையும் திருப்பிப் பாருங்கோ. மெம்பிரேன் முழுக்கக் கறுத்தால் ப்ளொக்கிங்கில பிழை. மூண்டாவது மட்டும் கறுத்து விழித்திரை வெள்ளையா நிண்டால் புது விழித்திரையில ஒருக்காச் செய்து, அதையும் கொதிக்க வைச்சது ஒரு வட்டம், கொதிக்க வைக்காதது ஒரு வட்டம் எண்டு வைச்சுப் பாருங்கோ, சில அன்டிபொடி விரிஞ்ச புரதத்தை மட்டும் தான் பிடிக்கும். அப்பவும் வெள்ளை எண்டால் சரி, ஓடர் போடுவம். முயல்ல செய்தது, முழுப் புரதத்துக்கு எதிரானதோ எந்தத் துண்டுக்கு எதிரானதோ எண்டு கேட்டு, எந்த விலங்கில வேலை செய்யும் எண்டு எழுதி வாங்கி. அனுப்பிற திகதியைத் திங்கட்கிழமை எண்டு கேளுங்கோ, சித்திரைப் புதுவருசக் கிழமையில மட்டும் வேண்டாம்.